உங்களுக்குத் தெரியுமா? – பழைய கணினிக்குப் புதிய நினைவு

பரந்தன் சந்தியிலிருந்து முல்லைத்தீவு வீதியில் போனாலும் பூநகரிப் பக்கம் திரும்பினாலும், சாதாரண தரம், உயர்தரம் படிக்கும் பிள்ளைகள் உள்ள சில வீடுகளில் துணி போர்த்திய மேசைக் கணினி ஒன்று இருக்கும். “சரியான ஸ்லோ, வேறொன்று வாங்க வேணும்” என்று முடிவெடுக்க முன்னர் இவற்றைப் படித்துவிடுங்கள். பல நேரம் தேவைப்படுவது புதுக் கணினி அல்ல, கூடுதலாக ஒரு ராம், அதாவது தற்காலிக நினைவகம்.

● களம் சிறிதா?
வன்தட்டில் கிடக்கும் எதையும் கணினி ராமுக்குக் கொண்டுவந்துதான் வேலை செய்யும். ராமும் சூடடிக்கும் களம் போலத்தான்; களம் சிறிதென்றால் எத்தனை கதிர்க்கட்டு வந்தாலும் வரம்பில்தான் காத்துக் கிடக்கும். ராம் நிரம்பியதும் வன்தட்டின் ஒரு பகுதியையே ராம் போலப் பாவிக்கத் தொடங்குகிறது விண்டோஸ். ராமிலிருந்து ஒரு தகவலை எடுக்க ஏறத்தாழ 100 நனோசெக்கன். சுழலும் வன்தட்டிலிருந்து எடுக்க ஏறத்தாழ 10 மில்லிசெக்கன். ஒரு இலட்சம் மடங்கு தாமதம்!

● காசு கொடுக்க முன்னர்...
கொன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்துங்கள். திறக்கும் டாஸ்க் மனேஜரில் ‘பெர்ஃபோமன்ஸ்’, பிறகு ‘மெமரி’. வழக்கமான வேலைகளெல்லாம் திறந்திருக்கும்போது 90 வீதத்தைத் தொட்டு நின்றால் ராம் போதாது. பாதியிலேயே நின்றால் ராம் வாங்குவது வீண்செலவு. வன்தட்டை எடுத்துவிட்டு, அதைவிட வேகமான எஸ்எஸ்டி சேமிப்பகம் போடுவதே மருந்து. மொத்தம் எத்தனை சிலொட், அவற்றில் எத்தனை நிரம்பியிருக்கின்றன என்பதையும் விண்டோஸ் 10 அதே பக்கத்தில் காட்டும்.

● 4,294,967,296
இது 2 இன் 32ஆம் அடுக்கு. 32 பிட் விண்டோஸ் 4 ஜிபிக்கு மேல் போட்ட ராமைக் கணக்கில் எடுக்காததற்கு இந்த எண்தான் காரணம். துவித எண் படிக்கும் பிள்ளையைக் கணக்குப் பார்க்கச் சொல்லுங்கள். 8 ஜிபி போடுவதென்றால் 64 பிட் விண்டோஸ் இருக்க வேண்டும்.

● ஒரே நீளம், வேறு வெட்டு
ராம் வகைகளான டிடிஆர் 3, 4, 5 மூன்றும் ஏறத்தாழ 133 மில்லிமீற்றர் நீளம். ஆனால் ஒன்றின் இடத்தில் மற்றது ஏறாது. டிடிஆர் 3க்கு 240 தொடுமுனைகள், 1.5 வோல்ட், டிடிஆர் 4க்கு 288, 1.2 வோல்ட், டிடிஆர் 5க்கும் 288தான், 1.1 வோல்ட். அடியிலுள்ள சிறு வெட்டு ஒவ்வொன்றிலும் இடம் மாறியிருக்கும். இறங்கவில்லை என்றால் பலவந்தமாக அழுத்த வேண்டாம்.

● புரொசெசர் பெயரிலேயே விடை
இன்டெல் ஐ5-3470 என்றால் மூன்றாம் தலைமுறை. கோட்டுக்குப் பின்வரும் முதல் இலக்கம் 2, 3, 4 என்றால் டிடிஆர் 3. ஆறாம் தலைமுறையிலிருந்து பெரும்பாலும் டிடிஆர் 4. பன்னிரண்டாவதிலிருந்து டிடிஆர் 5உம் உண்டு. கடைக்குப் போகும்போது பழைய ராமின் ஒட்டியைப் படமெடுத்துக்கொண்டு போனால் பிழைவிடவே இடமில்லை.

● மலிவில் ஒரு பொறி
டிடிஆர் 3, டிடிஆர் 4 இல் சேர்வர்களுக்கான ‘ரெஜிஸ்டர்ட்’ ராம் வீட்டுக் கணினியின் சிலொட்டில் அழகாக ஏறும்; கணினி மட்டும் இயங்காது. ஒட்டியில் ‘ஆர்’ எழுத்தோடு 12800ஆர் என்பதுபோல் இருந்தால், விலை எவ்வளவு குறைவென்றாலும் வேண்டாம்.

● ஒரு எட்டா, இரண்டு நாலா?
ஒரு 8 ஜிபியைவிட ஒரேமாதிரியான இரண்டு 4 ஜிபி வேகமானவை. சோடியாகப் போட்டால் புரொசெசர் இரண்டு வழியிலும் ஒரே நேரத்தில் தகவலை எடுக்கும். தனிக் கிராபிக்ஸ் கார்ட் இல்லாத கணினி திரைக்கும் ராமையே பங்கிடுவதால் அதில் வித்தியாசம் கூடுதலாகத் தெரியும். வெவ்வேறு வேகத்தில் இரண்டைச் சேர்த்தால் வேகமானது மெதுவானதற்கு இறங்கிவரும்: 1600உம் 1333உம் சேர்ந்தால் இரண்டும் 1333.

● ஆனையிறவு உப்பும் ராம் சில்லும்
1950களில் தொடங்கிய பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை, ஆனையிறவு உப்பைக் கரைத்து மின்பகுப்புச் செய்து கோஸ்டிக் சோடாவும் குளோரினும் எடுத்தது. சில்லுக்கான சிலிக்கனைத் தூய்மையாக்கும் முக்கிய வழியும் குளோரின் சேர்வையில்தான் தொடங்குகிறது. சிலிக்கனை ஐதரசன் குளோரைட்டுடன் தாக்கமுறச் செய்து, கிடைக்கும் திரவத்தை வடித்து, மீண்டும் சிலிக்கனாக்குவார்கள். முடிவில் 99.9999999 வீதத் தூய்மை! பரந்தன் குளோரின் சில்லுத் தொழிலுக்குப் போனதில்லை. போர் அந்தத் தொழிற்சாலையையே நிறுத்திவிட்டது. ஆனாலும் உயர்தர இரசாயனவியல் படிக்கும் நம் பிள்ளைகள் இந்தப் பாடத்தைத் தங்கள் ஊரிலிருந்தே தொடங்கலாம்.

● செக்கனுக்கு 15 தடவை
8 ஜிபி ராமில் 6,871 கோடிக்கு மேற்பட்ட பிட்டுகள். ஒவ்வொன்றும் ஒரு நுண்ணிய கொள்ளளவியில் தேங்கிய மின்னேற்றம். அது கசிந்துகொண்டே இருப்பதால் 64 மில்லிசெக்கனுக்கு ஒருமுறை எல்லாவற்றையும் புதுப்பித்தாக வேண்டும். நீங்கள் சும்மா திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதும் அந்த வேலை நடக்கிறது.

● ஒருவரின் யோசனை
ஒரு பிட்டுக்கு ஒரு திரான்சிஸ்டரும் ஒரு கொள்ளளவியும் போதும் என்று 1966இல் கண்டவர் ஐபிஎம் நிறுவனத்தின் ராபர்ட் டெனார்ட். 1968இல் காப்புரிமை கிடைத்தது. டெனார்ட் 2024இல் காலமானார். அவருடைய அமைப்புத்தான் இன்றைய ராமிலும் இருக்கிறது.

● நிலவுக்குப் போன 4 கிலோபைட்
1969இல் அப்பலோ 11ஐ வழிநடத்திய கணினியின் தற்காலிக நினைவகம் ஏறத்தாழ 4 கிலோபைட். உங்கள் வீட்டு 8 ஜிபி அதைப்போல் 20 இலட்சம் மடங்கு.

● கரண்ட் போனால்
மின்சாரம் நின்றதும் ராமில் உள்ளது போய்விடும். போர்க்காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட வன்னிக்கு மின்சாரத்தின் அருமை தெரியும். 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணி நேர மின்வெட்டை நாடே பார்த்தது. சேமிக்காத ஒப்படை ராமில்தான் இருக்கிறது. ஒவ்வொரு பந்திக்கும் சேமிக்கப் பிள்ளைகளைப் பழக்குங்கள். சிறிய யூபிஎஸ் ஒன்றும் பெரிய உதவி.

● தொடுமுன் தொடுங்கள்
உடம்பில் தேங்கிய நிலைமின் நமக்குச் ‘சுள்’ளென்று உறைக்க ஏறத்தாழ 3,000 வோல்ட் வேண்டும். சில்லைக் கெடுக்க அதைவிடக் குறைந்ததே போதும். பிளக்கைக் கழற்றுங்கள், பவர் பொத்தானைச் சில செக்கன் அழுத்தி மிச்ச மின்சாரத்தை வெளியேற்றுங்கள், பெட்டியின் பெயின்ட் இல்லாத உலோகத்தைத் தொடுங்கள். பிறகு ராமை ஓரத்தில் பிடித்துச் செருகி, கொளுவி ‘டக்’கென்று பூட்டும்வரை இரு முனையையும் அழுத்துங்கள்.

● சோளகத்துப் புழுதி
கணினி திரை காட்டாமல் ‘பீப் பீப்’ என்றால் ராம் செத்துவிட்டதென்று நினைக்க வேண்டாம். சோளகக் காற்றில் வந்த புழுதியாகவும் இருக்கலாம். ராமைக் கழற்றி, பொன்னிற முனைகளை வெள்ளை அழிரப்பரால் மெதுவாகத் துடைத்து, துகள்களைத் தட்டிவிட்டுத் திரும்பச் செருகிப் பாருங்கள். அடிக்கடி தேய்க்கக் கூடாது. அந்தப் பொன்முலாம் ஒரு மைக்ரோமீற்றர் தடிப்புக்கூட இல்லை.

● ஏன் இந்த விலை?
உலகின் ராம் சில்லுகளில் பெரும்பகுதியைச் செய்பவை சம்சுங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரோன் என்ற மூன்று நிறுவனங்களே. 2025 இறுதியில் செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் அள்ளிக்கொண்டதில் விலை எங்கும் ஏறியது. பாவித்த ராமை வாங்கத் தயங்க வேண்டாம். அதில் அசையும் பாகம் எதுவுமில்லை. வாங்கியதும் மெம்டெஸ்ட்86 என்ற இலவசச் சோதனையை ஓடவிடுங்கள். ஒரு பிழை காட்டினாலும் திருப்பிக் கொடுங்கள்.

● விண்டோஸ் 10 முடிந்த பிறகு
2025 அக்டோபர் 14ஓடு விண்டோஸ் 10க்கான வழமையான இலவசப் பாதுகாப்பு முடிந்தது. விண்டோஸ் 11 பழைய இன்டெல் புரொசெசர்களை ஏற்காது; ஏற்பது எட்டாம் தலைமுறையிலிருந்துதான். அதற்காகக் கணினியை ஒதுக்க வேண்டியதில்லை. விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய லினக்ஸ் மின்ட் இலவசம். 4 ஜிபியில் தாராளமாக ஓடும். எழுத்து வேலைக்கும் கணக்குத் தாளுக்கும் லிப்ரே ஒஃபிஸ் அதோடு சேர்ந்தே வருகிறது.

● கழற்றிய 2 ஜிபி
அதை லாச்சிக்குள் போட வேண்டாம். அதே தலைமுறைக் கணினியும் ஒரு வெறுஞ்சிலொட்டும் வைத்திருக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கோ பாடசாலைக்கோ அது உதவும். பழுதானதைக் குப்பையோடு எரிக்கவும் வேண்டாம். புகை நஞ்சு, உள்ளே இருப்பதோ தங்கம். டோக்கியோ 2020 ஒலிம்பிக் பதக்கங்களுக்கான ஏறத்தாழ 32 கிலோ தங்கம் பழைய கைபேசிகளிலிருந்தும் கணினிகளிலிருந்தும் பிரித்தெடுக்கப்பட்டதுதான்.