கோவையில் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்: ஆண்டு இலக்குகளும் குடியிருப்போர் சேவைகளும்

தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்பது, நகரங்களில் குளக்கரை, வாய்க்கால் ஓரம், சாலையோரம் போன்ற இடங்களில் குடிசை போட்டு வாழும் குடும்பங்களுக்கு வீடு கட்டித் தரும் மாநில அரசு அமைப்பாகும். மு. கருணாநிதி முதலமைச்சராக இருந்த 1970ஆம் ஆண்டு செப்டம்பரில் இது தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம் என்ற பெயரில் தொடங்கப்பட்டது. 1971ஆம் ஆண்டின் குடிசைப் பகுதிகள் (மேம்பாடு மற்றும் அகற்றுதல்) சட்டம் இதற்கு அதிகாரம் அளித்தது. தொடக்கத்தில் சென்னையில் மட்டும் இயங்கிய வாரியம் 1980களில் கோவை உள்ளிட்ட பிற நகரங்களுக்கும் விரிந்தது. 2021இல் பெயர் மாறியது. ஆனாலும் உக்கடத்தில் ஆட்டோ ஏறி வழி சொல்ல வேண்டுமென்றால் இன்றும் ‘ஸ்லம் போர்டு’ என்றுதான் சொல்ல வேண்டும்.

இதை 1961இல் அமைக்கப்பட்ட தமிழ்நாடு வீட்டு வசதி வாரியத்தோடு பலர் குழப்பிக் கொள்கிறார்கள். அது மனை, வீடு ஆகியவற்றை விற்பனை செய்வது. அரசு ஊழியர் குடியிருப்புகளையும் கட்டுவது. சிங்காநல்லூர் ஹவுசிங் யூனிட் அதைச் சேர்ந்தது. கீரணத்தம், மலுமிச்சம்பட்டி அடுக்குமாடிகள் குடிசை மாற்று வாரியத்தைச் சேர்ந்தவை. புகார் மனுவைத் தவறான அலுவலகத்தில் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்போர் உண்டு என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டியிருக்கிறது.

இலக்கு எங்கே எழுதப்படுகிறது?

வாரியம் மாநகராட்சியின் கீழ் இல்லை. வீட்டுவசதி மற்றும் நகர்ப்புற வளர்ச்சித் துறையின் கீழ் வருகிறது. எனவே கோவைக்கான ஆண்டு இலக்கும் சென்னையில்தான் முடிவாகிறது. ஒவ்வோர் ஆண்டும் சட்டமன்றத்தில் மானியக் கோரிக்கை விவாதத்தின்போது துறையின் கொள்கை விளக்கக் குறிப்பு வைக்கப்படும். எத்தனை வீடுகள் முடிந்தன, எத்தனை கட்டப்படுகின்றன, எந்தப் பழைய கட்டடங்கள் இடித்துக் கட்டப்படும், பணம் எங்கிருந்து வருகிறது என்பவை அதில் இருக்கும். இது தமிழிலேயே வெளியாகும் பொது ஆவணம், யாரும் படிக்கலாம்.

இலக்கின் அளவைப் பெரும்பாலும் நிதித் திட்டமே தீர்மானிக்கிறது. 2005இல் தொடங்கிய ஜவஹர்லால் நேரு தேசிய நகர்ப்புறப் புனரமைப்புத் திட்டத்தில் கோவையும் இடம்பெற்றது. நகரைச் சுற்றிய பெரிய குடியிருப்புகள் பலவற்றுக்கு அந்நிதியே அடித்தளம். 2015இல் வந்த பிரதமர் வீட்டுவசதித் திட்டத்தில், அடுக்குமாடிக் குடியிருப்புக்கு மத்திய அரசு வீடு ஒன்றுக்கு 1.5 லட்சம் ரூபாய் தருகிறது. மீதியை மாநில அரசும், பங்குத்தொகை என்ற பெயரில் பயனாளியும் ஏற்க வேண்டும். தினக்கூலிக் குடும்பத்துக்கு அந்தப் பங்குத்தொகையே பெரிய மலை. கையில் ஒதுக்கீட்டு ஆணை இருந்தும் பணம் கட்ட வழியின்றி லைன் வீட்டு வாடகையிலேயே காலம் தள்ளுவோரை வீடு எண்ணிக்கைக் கணக்கு காட்டாது.

குளக்கரையிலிருந்து கீரணத்தம் வரை

கோவையின் குடிசைப் பகுதிகளுக்கும் நொய்யல் பாசனக் குளங்களுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. வாலாங்குளம், உக்கடம் பெரியகுளம், முத்தண்ணன் குளம் ஆகியவற்றின் கரைகளில் பல தலைமுறைகள் வாழ்ந்தன. மார்க்கெட்டில் சுமை தூக்குவோர், தூய்மைப் பணியாளர்கள், வீட்டு வேலைக்குச் செல்லும் பெண்கள் எனப் பலருக்கும் வேலை நடந்து போகும் தூரத்தில் இருந்ததே இதற்குக் காரணம். 2016 ஜனவரியில் ஸ்மார்ட் சிட்டி முதல் பட்டியலில் கோவை இடம்பெற்ற பின் குளங்களைச் சீரமைக்கும் பணி வேகம் பிடித்தது. கரையில் இருந்த குடும்பங்கள் கீரணத்தம், மலுமிச்சம்பட்டி, வெள்ளலூர், கோவைப்புதூர் போன்ற இடங்களுக்குப் போயின.

குளம் தூய்மையாக வேண்டும் என்பதில் மறுப்பில்லை. மழைக்காலத்தில் கரைவீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததும் உண்மை. ஆனால் கீரணத்தம் சரவணம்பட்டிக்கும் அப்பால் நகரின் வடக்கே இருக்கிறது; மலுமிச்சம்பட்டி பொள்ளாச்சி சாலையில் தெற்கே. விடிகாலையில் மஸ்டரில் கையெழுத்துப் போட வேண்டிய தூய்மைப் பணியாளருக்கு முதல் டவுன் பஸ் எத்தனை மணிக்கு என்பதே வாழ்வாதாரம். 2021 முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் மகளிருக்குக் கட்டணமில்லை என்பது பெரிய ஆறுதல்தான். ஆனால் பஸ் வந்தால்தானே ஏற முடியும்? வெள்ளலூரில் வேறொரு சிக்கல்: மாநகராட்சியின் குப்பைக் கிடங்கும் அதே ஊரில்தான்.

ஆசிரியராக இருந்தவன் என்பதால் என் கண்ணில் முதலில் படுவது பள்ளி. நான் பணியாற்றிய பள்ளியில் ஓர் ஆண்டு அரையாண்டுத் தேர்வுக்கு முன்பாகக் குளக்கரைப் பிள்ளைகள் சிலர் ஒரே வாரத்தில் இடம்பெயர்ந்தார்கள். இருவர் இரண்டு பஸ் மாறி வந்து வருடத்தை முடித்தார்கள். எட்டாம் வகுப்புப் படித்த ஒரு பெண் வரவில்லை. மாற்றுச் சான்றிதழ் கேட்டும் யாரும் வரவில்லை. அரசின் நிதியாண்டு மார்ச்சில் முடிகிறது. பொதுத் தேர்வும் மார்ச்சை ஒட்டியே வருகிறது. ஆண்டு இலக்கை நிறைவு செய்யும் அவசரமும் பிள்ளைகளின் தேர்வும் மோதும் மாதம் அது. குடிமாற்றத்தை மே மாத விடுமுறைக்கு வைத்தால் செலவு எதுவும் கூடாது.

வீடு கிடைத்த பிறகு

வாரியத்தில் பொறியியல் பிரிவைத் தவிர சமுதாய வளர்ச்சிப் பிரிவும் உண்டு. ரேஷன் அட்டை முகவரி மாற்றம், பள்ளிச் சேர்க்கை, இளைஞர்களுக்குத் திறன் பயிற்சி போன்றவற்றில் குடும்பங்களுக்கு உதவுவது இதன் வேலை. தவணைகள் அனைத்தும் கட்டி முடித்தவர்கள் கிரயப் பத்திரம் பெற வேண்டும். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். ஒதுக்கீடு பெற்றவர் இறந்த பின் வாரிசுகளுக்குள் தகராறு வரும்போதுதான் பத்திரத்தின் நினைவு வருகிறது.

பெரிய கேள்வி பராமரிப்பு. குடிசைக்குக் கீற்று மாற்றத் தெரியும். லிப்டுக்கும் கழிவுநீர் மோட்டாருக்கும் யார் செலவழிப்பது? 2021 டிசம்பர் 27 அன்று சென்னை திருவொற்றியூரில் வாரியத்தின் பழைய கட்டடம் ஒன்று இடிந்து விழுந்தது. விரிசலைக் கண்டு மக்கள் முன்கூட்டியே வெளியேறியதால் உயிர்கள் தப்பின. பழுதடைந்த கட்டடங்களைக் கண்டறிந்து மறுகட்டுமானம் செய்வது அதன்பின் ஆண்டு இலக்குகளில் முக்கிய இடம் பெற்றது.

‘நம் குடியிருப்பு நம் பொறுப்பு’ என்ற திட்டமும் அக்காலத்தில் வந்ததே. குடியிருப்போர் நலச்சங்கம் பதிவு செய்து மாதந்தோறும் பராமரிப்புத் தொகை வசூலித்தால், அதற்கு இணையான தொகையை அரசு அளிக்கும். யோசனை நல்லது. ஆனால் வசூல் நடக்கும் பிளாக்குக்கு மானியம் வரும். வேலை இல்லாதோர் மிகுந்த பிளாக்கில் வசூலும் இல்லை, மானியமும் இல்லை. உதவி எங்கு அதிகம் தேவையோ அங்கு அது குறைவாகப் போய்ச் சேரும் ஏற்பாடு இது. சிங்கப்பூரில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பேர் 1960இல் தொடங்கிய வீவக எனும் அரசு அமைப்பின் வீடுகளில் வசிக்கின்றனர். அங்கே நகர மன்றங்கள் மாதக் கட்டணத்தின் ஒரு பகுதியைப் பெரும் பழுதுகளுக்கான சேமநிதியில் கட்டாயம் போட வேண்டும். வருமானம் குறைந்தோருக்குக் கட்டணத்தில் சலுகையும் உண்டு.

குடியிருப்போரின் சொல்

அமெரிக்காவில் 1998ஆம் ஆண்டுச் சட்டப்படி, பெரிய பொதுக் குடியிருப்பு முகமைகள் ஆண்டுத் திட்டம் எழுத வேண்டும். அதைக் குடியிருப்போர் ஆலோசனைக் குழுவிடம் காட்ட வேண்டும். 45 நாள் முன்னறிவிப்பு கொடுத்துப் பொதுக் கருத்துக்கேட்பும் நடத்த வேண்டும். அங்கும் சடங்காகிப் போகும் கூட்டங்கள் இருக்கலாம். இருந்தாலும் வரைவு முதலில் குடியிருப்பவர் கைக்கு வருகிறது. நம் மாநிலம் 2021இல் மறுகுடியமர்வு, மறுவாழ்வுக் கொள்கை வரைவை வெளியிட்டுப் பொதுமக்களிடம் கருத்துக் கேட்டது. ஆண்டு இலக்குக்கு அப்படி ஒரு வழக்கம் இங்கு வேர்விடவில்லை.

இப்போதைக்குக் கோவைக் குடியிருப்போருக்கு உள்ள வாயில்கள் மூன்று: வாரியத்தின் கோவைக் கோட்ட அலுவலகம், திங்கள்தோறும் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள், 1100 என்ற முதல்வரின் உதவி எண். தனித்தனியாக எழுதுவதைவிடச் சங்கத்தின் பெயரில், பிளாக் எண், பழுது, முதலில் புகார் செய்த தேதி ஆகியவற்றைக் குறிப்பிட்டு ஒரே மனுவாகக் கொடுப்பது நல்லது. ஒப்புகைச் சீட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.