கரி கறுப்பாக இருந்தால் மட்டும் போதுமா?



நம் கம்பம் பள்ளத்தாக்கில் தென்னை வைத்திருப்பவர்களுக்கு ஒரு கேள்வி. தேங்காயை விற்கிறீர்கள். மட்டையை நாருக்குக் கொடுக்கிறீர்கள். கொப்பரை போடுகிறவர்கள் வீட்டில் சிரட்டை மலைபோலக் குவிந்து கிடக்குமே, அதை என்ன செய்கிறீர்கள்? "அடுப்பெரிக்கத்தான் சார்" என்பீர்கள். சிலர் அதையே கரியாகச் சுட்டு விற்கிறார்கள். நல்ல காரியம்தான். ஆனால் கரி சுடத் தெரிந்தவர்கள் எல்லோருக்கும் கரி பார்க்கத் தெரிந்திருக்கிறதா? இன்றைக்கு அதைத்தான் பேசப் போகிறோம்.

பண்ணைப்புரத்தில் ஒரு தென்னை விவசாயி என்னிடம் மிகவும் வருத்தப்பட்டார். "நூறு கிலோ சிரட்டையில் முப்பத்தைந்து கிலோ கரி எடுத்தேன் சார். பக்கத்துத் தோப்புக்காரருக்கு இருபத்தெட்டுதான் வந்தது. ஆனா வியாபாரி அவர் கரியை எடுத்துக்கிட்டு என் கரிக்கு பாதி விலை சொல்றாரு. இது என்ன நியாயம்?" என்றார். நான் அவருடைய மூட்டைக்குள் கையை விட்டு ஒரு துண்டை எடுத்து ஒடித்தேன். உள்ளே காப்பிக் கொட்டை நிறத்தில் இருந்தது. "ஐயா, நீங்கள் கொண்டுவந்தது முப்பத்தைந்து கிலோ கரி இல்லை. இருபத்தெட்டு கிலோ கரி, ஏழு கிலோ வேகாத சிரட்டை" என்றேன்.

பெருமக்களே, இந்த ஒரு விஷயத்தை மனதில் வையுங்கள். கரியில் வரும் குறைகளில் பெரும்பாலானவை எடையைக் கூட்டுகிற குறைகள். வேகாத கரி கனக்கும். ஈரக்கரி கனக்கும். மண் சேர்ந்த கரியும் கனக்கும். எனவே தராசைப் பார்த்து சந்தோஷப்பட்டால் ஏமாந்து போவோம். நல்ல முறையில் சுட்டால் நூறு கிலோ காய்ந்த சிரட்டைக்கு இருபத்தைந்திலிருந்து முப்பது கிலோ கரி கிடைக்கும். அதற்கு மேல் வந்தால் "ஆகா" என்று சொல்லாதீர்கள். "ஏன்?" என்று கேளுங்கள்.

இந்தக் கரி எங்கே போகிறது என்று தெரிந்தால்தான் எதற்கு இவ்வளவு சோதனை என்பது விளங்கும். ஒரு பகுதி நம் ஊர் இஸ்திரிப் பெட்டிக்கும் தங்க ஆசாரி உலைக்கும் போகிறது. பெரும்பகுதி காங்கேயம் பக்கம் உள்ளது போன்ற ஆலைகளுக்குப் போகிறது. அங்கே அதைப் பக்குவப்படுத்தி, தண்ணீரைச் சுத்தப்படுத்தும் ஆக்டிவேட்டட் கார்பன் செய்கிறார்கள். இன்னொரு பகுதியைப் பொடியாக்கி, மரவள்ளி மாவுக் கஞ்சி சேர்த்து, சிறு சிறு சதுரக் கட்டிகளாக அழுத்திக் காயவைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள். அரபு நாடுகளில் ஹூக்கா என்று நீண்ட குழாய் வைத்துப் புகைக்கிறார்களே, அதற்குத்தான் இந்தக் கட்டி. இதில் இந்தோனேசியா நமக்கெல்லாம் முன்னால் நிற்கிறது.

ஹூக்கா நல்ல பழக்கம் என்று நான் சொல்ல வரவில்லை. நம் தமிழ்நாட்டில் ஹூக்கா கூடங்களைத் தடை செய்ய 2022ஆம் ஆண்டு சட்டமன்றத்தில் மசோதா நிறைவேறியது. ஆனால் அந்த வியாபாரம் கேட்கிற தரத்தைத் தெரிந்துகொள்வதில் தவறில்லை. ஏனென்றால் கரிக்கு அதைவிடக் கடுமையான சோதனை கிடையாது. ஹூக்காவில் புகையிலைக்கு மேலேயே தணலை வைக்கிறார்கள். இழுக்கிற காற்று தணலைத் தாண்டித்தான் உள்ளே போகிறது. கரியில் புகை இருந்தால், நாற்றம் இருந்தால், அது நேராக வாய்க்குப் போகும். ஆகவே வாங்குகிறவர்கள் புகையாத, மணக்காத, பொறி பறக்காத, வெள்ளைச் சாம்பல் விடுகிற கரியைத்தான் கேட்கிறார்கள்.

பொதுவாக சிரட்டைக் கரிக்கு ஏற்றுமதி வியாபாரத்தில் கேட்கும் அளவுகள் இவை: ஈரம் நூற்றுக்குப் பத்துக்கு மேல் கூடாது. சாம்பல் இரண்டுக்கு மேல் கூடாது. சூட்டில் புகையாகப் பறக்கும் பொருள் பதினைந்துக்கு மேல் கூடாது. நின்று எரியும் சுத்தமான கரிச்சத்து எழுபத்தைந்துக்குக் குறையக் கூடாது. "இதையெல்லாம் பார்க்க ஆய்வுக்கூடத்துக்குப் போகணுமா?" என்று கேட்பீர்கள். சரியான எண் வேண்டுமானால் போகத்தான் வேண்டும். ஆனால் நல்லதா கெட்டதா என்று தெரிந்துகொள்ள உங்கள் கண், காது, கை, ஒரு தராசு, ஒரு அடுப்பு போதும்.

முதலில் கண். மூட்டையின் மேல்வாயில் இருப்பதைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மேலே, நடுவே, அடியிலே என்று மூன்று இடத்திலும் பத்துப் பத்துத் துண்டு எடுங்கள். ஒவ்வொன்றையும் ஒடித்துப் பாருங்கள். நல்ல கரி 'படக்' என்று ஒடியும். ஒடிந்த முகம் கண்ணாடித் துண்டுபோல் பளபளக்கும். வெளியிலும் உள்ளேயும் ஒரே கறுப்பாக இருக்கும். பழுப்பு நிறம் தெரிந்தால், ஒடியாமல் வளைந்து நார் நாராகப் பிரிந்தால் வேகவில்லை என்று அர்த்தம்.

இரண்டாவது காது. ஒரு துண்டைச் சிமெண்டுத் தரையில் இடுப்பளவு உயரத்திலிருந்து போடுங்கள். நல்ல கரி 'கிணீர்' என்று உலோகச் சத்தம் கொடுக்கும். 'தொப்' என்று மரத்துண்டு மாதிரி விழுந்தால் வேகாதது, அல்லது ஈரம் குடித்தது.

மூன்றாவது கை. துண்டை விரலால் தேய்த்துப் பாருங்கள். நன்றாக வெந்த கரி கையில் அதிகம் ஒட்டாது. அழுத்தினாலே நொறுங்கிப் பொடியானால் கூடுதலாக வெந்துவிட்டது என்று பொருள். காற்றை அடைக்காமல் விட்டதால் சிரட்டை கரியாகி, அந்தக் கரியும் எரியத் தொடங்கியிருக்கிறது. இந்த ஒரு குறை மட்டும் எடையைக் குறைக்கும். மேலே சாம்பல் பூத்திருப்பதும் இதற்கு அடையாளம்.

நான்காவது தராசு. ஒரு கிலோ கரியை நிறுத்து, தகரத்தில் பரப்பி இரண்டு நாள் நல்ல வெயிலில் காயவையுங்கள். பொழுது சாய்ந்ததும் உள்ளே எடுத்து வையுங்கள், பனியைக் குடித்துவிடும். மறுபடி நிறுங்கள். வெயிலில் எல்லா ஈரமும் போய்விடாது. அப்படியிருந்தும் நூறு கிராம் குறைந்துவிட்டது என்றால் அந்தக் கரியில் தண்ணீர் அதிகம் என்று தயங்காமல் சொல்லலாம். டன்னுக்கு நூறு கிலோ தண்ணீரை லாரியில் ஏற்றி வாடகை கொடுக்க எந்த வியாபாரி சம்மதிப்பார்?

ஐந்தாவது அடுப்பு. நாலு துண்டைத் தணலாக்கித் தனியே ஒரு தட்டில் வையுங்கள். நல்ல கரி பிடித்துக்கொண்ட பிறகு புகையாது. மஞ்சள் சுடர் எழும்பாமல் செக்கச் செவேல் என்று கனிந்து நிற்கும். புகை வந்தால் சுட்டது போதவில்லை. பட்பட் என்று வெடித்தால் ஈரம் இருக்கிறது. இஸ்திரி போடுகிறவரைக் கேட்டுப் பாருங்கள், வெள்ளை வேட்டியில் ஒரு பொறி விழுந்தால் என்ன ஆகும் என்று அவர் சொல்வார்!

கடைசியாகச் சாம்பல். அரைக் கிலோ கரியை மண் கலக்காமல் ஒரு இரும்புச் சட்டியில் முழுவதும் எரிந்து அடங்க விடுங்கள். மிஞ்சும் சாம்பல் பத்து கிராம் அளவில் இருந்தால் நல்லது. இருபது, முப்பது என்று போனால் மண்ணோ மணலோ சேர்ந்திருக்கிறது. சாம்பல் வெள்ளையாக, பஞ்சுபோல் இருக்க வேண்டும். விரலில் எடுத்துத் தேய்த்தால் நறநற என்றால் அது மணல்தான்.

சரி, குறை தெரிந்துவிட்டது. அது எங்கே உண்டாகிறது? சுடுகிற இடத்தில்தான். முற்றிய காயின் சிரட்டைதான் நல்லது. இளங்காய்ச் சிரட்டை மெலிதாக இருக்கும், கரி தேறாது. ஒட்டியிருக்கும் நாரையும் பருப்பையும் சுரண்டிவிடுங்கள். சிரட்டை நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். மண் தரையில் குவிக்காமல் களத்திலோ தார்ப்பாயிலோ போடுங்கள். பாதி மண் அங்கேயே தவிர்ந்துவிடும்.

சிறு விவசாயிக்கு இருநூறு லிட்டர் இரும்புப் பீப்பாய் போதும். அடியில் காற்றுக்குத் துளைகள், மேலே மூடி, மூடியில் ஒரு புகைக்குழாய். அடியில் கொஞ்சம் சிரட்டையைப் பற்றவைத்து, பிடித்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து நிரப்பி மூடுங்கள். இனி புகைதான் உங்களுக்கு வழிகாட்டி. முதலில் வெள்ளையாகக் கனத்த புகை வரும். அது பெரும்பாலும் ஈரம். பிறகு மஞ்சள் கலந்த காரப்புகை. கடைசியில் புகை மெலிந்து நீலமாகி, அதன் வழியே எதிர்ப்பக்கம் தெரியும். அதுதான் அடைக்க வேண்டிய நேரம். துளைகளையும் குழாயையும் களிமண்ணால் பூசி மூடுங்கள். வெள்ளைப் புகையிலேயே அடைத்தால் பழுப்புக் கரி. நீலப்புகைக்குப் பிறகும் விட்டால் சாம்பல்.

அடைத்தாயிற்றா? இனி பொறுமை. ராத்திரி முழுக்க ஆறட்டும். நானே முதல் தடவை, வந்திருந்தவர்களுக்குக் காட்டும் ஆசையில் அன்று சாயங்காலமே மூடியைத் திறந்தேன். கறுப்பாகத்தான் இருந்தது. நான் பெருமையாகப் பேசிக்கொண்டிருக்கும்போதே காற்றுப் பட்டுத் தணல் பிடித்துக்கொண்டது. பாதி சாம்பலாகிப் போனது. ஒரு பெரியவர், "சார் சாம்பல் எடுக்கிற முறையை நல்லா சொல்லித் தந்தாரு" என்றார்!

அவசரப்படுகிறவர்கள் தண்ணீர் ஊற்றி அணைக்கிறார்கள். அது வேண்டாம். கரி ஈரத்தைக் குடித்துக்கொள்ளும். அதோடு கரி அணைத்த கறுப்புத் தண்ணீர் மண்ணில் இறங்கிக் கிணற்றைக் கெடுக்கும். காங்கேயம், பல்லடம் வட்டாரங்களில் இந்தக் காரணத்துக்காகவே விவசாயிகள் கரி சுடும் தொழிலை எதிர்த்துக் குரல் கொடுத்திருக்கிறார்கள். பெரிய அளவில் சுட நினைப்பவர்கள் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி பெற்றுத்தான் தொடங்க வேண்டும்.

சுட்ட கரியை உடனே சாக்கில் கட்டி அடுக்கவும் கூடாது. புதுக்கரி காற்றிலுள்ள பிராணவாயுவை இழுத்துத் தானாகவே சூடேறும். பொடி அதிகமாக இருந்தால் இன்னும் சீக்கிரம் சூடேறும். குவியலுக்குள் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் தானே தீப்பிடிக்கும். இது சும்மா பயமுறுத்தலில்லை. கரி ஏற்றிய கப்பல்களில் 2015 முதல் 2022 வரை 68 தீ விபத்துக்களாவது பதிவாகியிருக்கின்றன. அதனால் 2026 ஜனவரி 1 முதல் கப்பலில் போகும் கரி முழுவதையும் ஆபத்தான சரக்காகவே நடத்த வேண்டும் என்பது சர்வதேச விதி. பெட்டியில் அடைக்கும் முன் கூரையின் கீழ்க் காற்றாட 14 நாள் ஆறப்போட வேண்டும், அடைக்கும் நாளில் சூடு 40 டிகிரியைத் தாண்டக்கூடாது என்றெல்லாம் அதில் இருக்கிறது. கப்பலுக்கே அப்படியென்றால் ஓலைக் கொட்டகைக்கு? வைக்கோல் படப்புக்கும் வீட்டுக்கும் தள்ளி, கூரைக்கடியில் பரப்பி ஆறவிடுங்கள். சாக்குக்குள் கையை விட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் வண்டியில் ஏற்றாதீர்கள்.

சலிக்கும்போது பெண்கள் மூக்கையும் வாயையும் துணியால் நன்றாகக் கட்டிக்கொள்ள வேண்டும். சலித்த பொடியைத் தூர எறியாதீர்கள்; கட்டி செய்கிறவர்கள் அதையும் வாங்குவார்கள். ஆனால் மண்ணில்லாமல், தனிச் சாக்கில்.

இன்னொரு முக்கியமான எச்சரிக்கை. கரி எவ்வளவு உயர்ந்ததானாலும், புகையே வராவிட்டாலும், எரியும்போது கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுக்காற்றை விடும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. மார்கழிக் குளிருக்குத் தணல் சட்டியை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திப் படுத்தவர்கள் எழுந்திருக்காமல் போனதுண்டு. நல்ல கரிதானே என்று ஏமாறாதீர்கள். புகையில்லாத கரி என்பதால்தான் ஆபத்து தெரியாமலே வருகிறது.

பண்ணைப்புரத்து நண்பர் அடுத்த தடவை நீலப்புகை வரும்வரை காத்திருந்தார். நூறு கிலோவுக்கு இருபத்தேழு கிலோதான் வந்தது. வியாபாரி மூட்டையைப் பிரிக்கும் முன்னால் அவரே ஒரு துண்டை எடுத்துத் தரையில் போட்டுக் காட்டினாராம். "சத்தத்தைக் கேட்டுட்டு விலையைச் சொல்லுங்க" என்றாராம். இந்தத் தடவை விலையில் பிடித்தம் இல்லை.

பெருமக்களே, வியாபாரி குறை கண்டுபிடிக்கும் முன்னால் நீங்கள் கண்டுபிடியுங்கள். குறையுள்ள கரியைத் தனியே பிரித்து, அதற்குரிய விலைக்கு, சொல்லியே விற்றுவிடுங்கள். நல்ல கரியோடு கலந்தால் கெட்ட கரிக்கு விலை ஏறாது. நல்ல கரிக்குத்தான் விலை இறங்கும்.