கட்டியைச் சுற்றி ஊறும் அமிலம்

உடம்பில் அமிலம் கூடுவதால்தான் புற்றுநோய் வருகிறது, அப்பச்சோடாவைக் கரைத்துக் குடித்தால் கட்டி கரைந்துவிடும் என்றொரு பேச்சு கைபேசி வழியே ஊரூராகச் சுற்றுகிறது. கிண்ணியா குறிஞ்சாக்கேணிக்கும் அது வந்து சேராமல் இராது. பாதி உண்மை கலந்திருப்பதால்தான் இந்தப் பேச்சு ஆபத்தானது.

அமிலம் எங்கிருந்து வருகிறது?

நம் இரத்தத்தின் பிஎச் அளவு (அமிலம் கூடக் கூட இறங்கும் எண்) 7.35க்கும் 7.45க்கும் இடையில் நிற்கும். நுரையீரலும் சிறுநீரகமும் அதை அசையவிடுவதில்லை. தேசிக்காய் சாப்பிட்டாலும் இறைச்சி சாப்பிட்டாலும் அப்படித்தான். புற்றுக்கட்டியின் கலங்களுக்கு வெளியே மட்டும் பிஎச் 6.5 அளவுக்கும் இறங்கக்கூடும். அந்த அமிலத்தை உண்டாக்குவது கட்டியேதான். ஒட்சிசன் போதிய அளவு இருக்கும்போதும் புற்றுக்கலங்கள் குளுக்கோசை அவசரமாக உடைத்து லாக்டிக் அமிலமாக்குகின்றன. ஜெர்மன் விஞ்ஞானி ஓட்டோ வார்பர்க் 1920களிலேயே இதைக் கண்டார். சேரும் அமிலத்தைக் கலம் வெளியே தள்ளிவிட்டுத் தன் உட்புறத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்கிறது.

வெளியே தள்ளிய அமிலம் சும்மா கிடப்பதில்லை. அக்கம்பக்கத்து நல்ல கலங்கள் அதில் மடிகின்றன. இழையங்களைக் கரைக்கும் நொதியங்கள் வேகம் பெற, கட்டி பரவ வழி திறக்கிறது. எதிர்த்துப் போராட வரும் வெள்ளணுக்கள் சோர்கின்றன. டொக்சோரூபிசின் போன்ற சில புற்றுநோய் மருந்துகள்கூட அந்த அமிலத்தில் மின்னேற்றம் பெற்று, கலத்துக்குள் நுழையத் திணறுகின்றன.

சோடா குடித்தால்?

எலிகளுக்குச் சோடா கலந்த நீர் கொடுத்தபோது புற்று பரவுவது குறைந்ததாக 2009இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. மனிதரில் அது சிகிச்சையாக நிரூபணமாகவில்லை. அளவுக்கு மீறிக் குடித்தால் உடலில் சோடியம் ஏறும். இரத்த அழுத்தமோ சிறுநீரக நோயோ உள்ளவருக்கு அது பெரும் கேடு.

சுண்ணாம்பைக் கேளுங்கள்

சோடா போன்ற காரம் புற்றைத் தடுக்குமென்றால் வெற்றிலை போடுபவர் வாய்தான் மிகப் பாதுகாப்பாக இருக்கவேண்டும். சுண்ணாம்பு கடுமையான காரம். ஆனால் இலங்கை ஆண்களிடம் மிகுதியாகக் காணப்படுவது வாய்ப்புற்றுநோய். சுண்ணாம்பின் காரத்தில்தான் பாக்கிலுள்ள பொருட்கள் கலங்களைச் சிதைக்கும் மூலக்கூறுகளை வெளிவிடுகின்றன. "புகையிலை இல்லை, வெறும் பாக்குத்தான்" என்று ஆறுதல் கொள்ளவும் இடமில்லை. புகையிலை சேராத வெற்றிலைக்கூட்டும் பாக்கும் புற்றுநோயை உண்டாக்குபவை என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இலேயே வகைப்படுத்திவிட்டது.

வாயைப் பாருங்கள்

வெற்றிலையை ஒதுக்கி வைக்கும் கன்னத்தை வெளிச்சத்தில் இழுத்துப் பாருங்கள். துடைத்தாலும் போகாத வெள்ளை அல்லது சிவப்புப் படலம், இரண்டு வாரமாகியும் ஆறாத புண், கறியின் உறைப்பில் பற்றியெரியும் வாய், மூன்று விரல் நுழைய இடமில்லாமல் இறுகிய தாடை: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் காட்டிவிடுங்கள். தொடக்கத்தில் பெரும்பாலும் வலி இருக்காது. அதனாலேயே பலர் தாமதிக்கிறார்கள். கிண்ணியா தள வைத்தியசாலையின் பல் வைத்தியரிடம் முதலில் போகலாம். ஏற்கெனவே சோடா குடித்து வந்தால் அதையும் ஒளிக்காமல் சொல்லுங்கள். சந்தேகமிருந்தால் சிறு துண்டு இழையம் எடுத்துப் பரிசோதிப்பார்கள். பெரியவர்கள் தாமாகப் போகமாட்டார்கள். வீட்டில் ஒருவர் கூட்டிப் போகவேண்டும்.