“ஏன் இந்த உத்தியோகம்?”

புகையிரதத் திணைக்களத்திலிருந்து நேர்முகப் பரீட்சைக்குக் கடிதம் வந்தால் வீடே பரபரப்பாகிவிடும். சான்றிதழ்களைத் தேடி எடுப்போம், சட்டையை அயன் பண்ணி வைப்போம். ஆனால் மிகச் சாதாரணமான ஒரு கேள்விக்குப் பிள்ளையை ஆயத்தப்படுத்த மறந்துவிடுவோம். “ஏன் இந்த உத்தியோகத்துக்கு வர விரும்புகிறீர்கள்?”

“அரசாங்க உத்தியோகம், ஓய்வூதியம் உண்டு” என்பது ஒரு பதில். அது உண்மைதான், வெட்கப்படவும் ஒன்றுமில்லை. ஆனால் தபால் கந்தோரிலும் கச்சேரியிலும் இதையே சொல்லலாமே! “நாட்டுக்குச் சேவை செய்ய ஆசை” என்பது இன்னொரு பதில். அதை யாரும் மனனம் செய்து ஒப்பிக்கலாம்.

முதலில் அந்த வேலை என்னவென்று பிள்ளை அறிந்திருக்க வேண்டும். நிலைய அதிபர் பதவியை எடுத்துக்கொள்வோம். 1928இல் திறக்கப்பட்ட மட்டக்களப்புப் பாதை ஒற்றைத் தண்டவாளப் பாதை. போகும் கோச்சிக்கும் வரும் கோச்சிக்கும் அதே தண்டவாளம்தான். அடுத்த நிலையத்தின் சம்மதம் கிடைக்காமல் கோச்சியை அனுப்ப முடியாது. நள்ளிரவிலும் மழையிலும் இந்தக் கவனம் தளரக் கூடாது. 2004 டிசம்பர் 26இல் சுனாமி வந்தபோது, காலிப் பக்கம் போன கோச்சியைத் தகவல் கொடுத்து நிறுத்த முயன்றும் முடியவில்லை. பெரலியவில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். உரிய நேரத்தில் சேரும் ஒரு செய்தியின் பெறுமதி அவ்வளவு பெரியது.

இதை அறிந்த பிள்ளை தன் வாழ்க்கையிலிருந்தே பதில் சொல்லலாம். உதாரணமாக: “உம்மாவை கிளினிக்குக்காக ராக் கோச்சியில் கொழும்புக்குக் கூட்டிப் போவேன். கோச்சி பிந்தினால் சனம் கொதிக்கும். நிலைய அதிபர் வந்து காரணத்தைச் சொன்னதும் அடங்கிவிடும். பொறுமையும் நிதானமும் தேவைப்படும் அந்த வேலை எனக்குப் பொருந்தும் என்று நினைக்கிறேன். நிரந்தர வருமானமும் எங்கள் குடும்பத்துக்குத் தேவை.” இதை அப்படியே பாடமாக்க வேண்டாம். உங்கள் பிள்ளைக்கும் சொந்தக் காரணம் ஒன்று இருக்கும்.

அடுத்து வரக்கூடிய கேள்விகள் வீட்டாருக்கும் உரியவை. “பதுளைக்கு அனுப்பினால் போவீர்களா? இரவுக் கடமை செய்வீர்களா? பெருநாளன்று வருவீர்களா?” பெருநாளிலும் கோச்சி ஓடும். முடியாததை முடியும் என்று சொல்லி வேலையில் சேர்ந்து, பிறகு இடமாற்றத்துக்கு அலைவது பிள்ளைக்கும் நல்லதல்ல, வீட்டுக்கும் நல்லதல்ல. ஆகவே தாய்மாரே, இதை முன்கூட்டியே வீட்டில் பேசி முடிவெடுங்கள்.

பக்கத்து நிலையத்தில் பிள்ளை ஒரு மணி நேரம் நின்று அங்கு நடப்பதைப் பார்த்து வரட்டும். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் நீங்களே அந்தக் கேள்வியைக் கேளுங்கள். பதில் ஒரு நிமிடத்துக்குள் முடியட்டும். சிங்களத்திலும் சொல்லிப் பழகட்டும். ஒவ்வொரு முறையும் சொற்கள் மாறினால் பரவாயில்லை, காரணம் மாறாதிருந்தால் போதும்.