நரைத்த முகத்துக்கு யார் வீடு தருவார்?

காப்பகங்களில் குட்டிகள் சீக்கிரம் போய்விடுகின்றன. வயதான நாய்கள் காத்திருக்கின்றன. ஆனால் பல வீடுகளுக்குப் பொருத்தமானவை அவைதான்.

டெல்லி, மும்பை, பெங்களூரு, சென்னை என்று எந்த நகரத்தின் பிராணிகள் காப்பகத்திலும் ஞாயிற்றுக்கிழமைக் காட்சி ஒன்றுதான். குழந்தைகளோடு வரும் குடும்பம் நேராகக் குட்டிகளின் கூண்டருகே போய் நிற்கிறது. பக்கத்துக் கூண்டில் முகவாய் நரைத்த லாப்ரடார் மெல்ல எழுந்து வந்து வாலாட்டுகிறது. வயது எட்டு என்று தெரிந்ததும் குடும்பம் நகர்ந்துவிடுகிறது.

இந்த நாய்களில் பல ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கில் விலை கொடுத்து வாங்கப்பட்டவை. வேலை மாற்றல், வெளிநாட்டு வேலை, வளர்த்தவரின் மரணம் என்று தெருவுக்கு வரக் காரணங்கள் பல. குட்டி ஈனும் வயது கடந்ததும் வியாபாரிகள் கைவிட்ட பெண் நாய்களும் உண்டு. வளர்ப்புப் பிராணியைக் கைவிடுவது 1960ம் ஆண்டின் மிருகவதைத் தடைச் சட்டப்படி குற்றம். முதல் முறை பிடிபட்டால் அபராதம் 10 முதல் 50 ரூபாய். ஒரு கிலோ நாய் உணவுகூட அந்தப் பணத்துக்குக் கிடைக்காது.

இப்போது காப்பகங்களில் இடத்துக்கு நெருக்கடி. டெல்லி வட்டாரத் தெருநாய்களை எல்லாம் காப்பகத்துக்குக் கொண்டுபோகும்படி 2025 ஆகஸ்ட் 11ம் தேதி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 22ம் தேதி அதைத் திருத்தியது. கருத்தடையும் தடுப்பூசியும் முடித்து, பிடித்த இடத்திலேயே விடலாம்; வெறிநோய் கண்டவை, மூர்க்கமானவை மட்டும் விலக்கு என்றது. விரும்புவோர் மாநகராட்சியிடம் விண்ணப்பித்துத் தத்தெடுக்கலாம் என்றும், அந்த நாய் மீண்டும் தெருவுக்கு வராமல் பார்ப்பது அவர்கள் பொறுப்பு என்றும் கூறியது. நவம்பரில் பள்ளி, மருத்துவமனை, ரயில் நிலையம் போன்ற வளாகங்களில் பிடிபடும் நாய்களைத் திரும்ப அங்கே விடக்கூடாது என்றது. ஆக, ஒரு வயதான நாய் வீடு போய்ச் சேர்ந்தால், அடிபட்டு வரும் இன்னொன்றுக்கு இடம் கிடைக்கும்.

உழைத்து ஓய்ந்த நாயைச் சுமையாகக் கருதும் மனப்போக்கு அரசிடமும் இருந்தது. ஓய்வுபெறும் ராணுவ நாய்கள் கொல்லப்படுவது 2015ல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் மூலம் வெளியே வந்தது. எதிர்ப்பு கிளம்பி, விவகாரம் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. மாற்று வழி வகுப்பதாக அரசு கூறியது. 2019 நவம்பரில் டெல்லி மெட்ரோ பாதுகாப்பில் இருந்த 7 நாய்களுக்கு மத்திய தொழில் பாதுகாப்புப் படை பதக்கம் அணிவித்து, விழா எடுத்து விடைகொடுத்தது.

வயதான நாயில் அப்படி என்ன அனுகூலம்? குணம் தெரிந்துவிட்டது, குழந்தைகளிடம் எப்படி, பூனையிடம் எப்படி என்று காப்பக ஊழியர்களே சொல்லிவிடுவார்கள். வீட்டில் வளர்ந்ததாக இருந்தால் பெரும்பாலும் சிறுநீர் கழிக்க வெளியே போகப் பழகியிருக்கும். செருப்பைக் கடிக்கும் வயதும் தாண்டிவிட்டது. இரண்டு வேளை நிதானமான நடை போதும். குட்டி 12, 13 ஆண்டுகள் வாழக்கூடும். அறுபதைக் கடந்த தம்பதிக்கு அது சிந்திக்க வேண்டிய கணக்கு.

செலவையும் மறைக்கக்கூடாது. கண்புரை, மூட்டு வலி, பல் சொத்தை, சிறுநீரகக் கோளாறு எல்லாம் வரலாம். கொண்டுவரும் முன்பே கால்நடை மருத்துவரிடம் காட்டி ரத்தப் பரிசோதனை செய்வது நல்லது. உண்ணிக் காய்ச்சல் இருந்தால் அதிலேயே தெரியக்கூடும். வெறிநாய்க்கடி தடுப்பூசியை உரிய காலத்தில் போட வேண்டும். வழுக்கும் மொசைக் தரையில் பழைய ஜமுக்காளம் விரித்தாலே மூட்டுவலிக்காரருக்குப் பாதி நிம்மதி. முதல் சில நாட்கள் நாய் மூலையில் ஒடுங்கும், சாப்பிட மறுக்கும், கதவு திறந்தால் ஓடப் பார்க்கும். விருந்தாளிகளைத் தள்ளிப்போட்டு, கயிற்றை விடாமல் பிடித்து, பழைய பெயரையே சொல்லிக் கூப்பிட்டால் சில வாரங்களில் வழிக்கு வரும்.

அடுக்குமாடிச் சங்கம் ஆட்சேபித்தால் பயப்பட வேண்டாம். வளர்ப்புப் பிராணிகளுக்கு ஒட்டுமொத்தத் தடை விதிக்க முடியாது என்று பிராணிகள் நல வாரியம் 2015லேயே சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது.

காப்பகங்களுக்கும் வேலை இருக்கிறது. பரிதாபத்தைக் காட்டித் தள்ளிவிட்ட நாய் திரும்பி வந்துவிடும். நோயைச் சொல்லி, மருந்துச் செலவைச் சொல்லி, வீட்டை நேரில் பார்த்து, முதலில் இரண்டு வாரம் ஒத்திகைக்கு அனுப்பினால் தங்கிவிடும். கைவிட நினைக்கும் சொந்தக்காரரும் கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்று: கூண்டுக்கு அனுப்பும் முன் உறவினர், நண்பர், வழக்கமான மருத்துவர் ஆகிய மூவரிடம் விசாரித்தாயிற்றா?

எட்டு வயது நாய்க்கு இன்னும் சில ஆண்டுகளே பாக்கி. அதைக் கூண்டில் கழிப்பதா, ஒருவர் காலடியில் கழிப்பதா என்பதை அடுத்த ஞாயிற்றுக்கிழமை வருபவர் தீர்மானிக்கலாம்.