ஏற்காடு பலாவில் பழப் பேஸ்ட்ரி: அடிப்பகுதி ஊறிப்போகாமல் சுடுவது எப்படி?

சித்திரையும் வைகாசியும் இளவேனில் மாதங்கள். சேர்வராயன் மலையில் காபித் தோட்டங்களுக்கு நிழலாக நிற்கும் பலா மரங்களில் பழம் முதிர்வதும், கீழே சேலம் பக்கம் மாம்பழம் வருவதும் இந்தச் சமயத்தில்தான். கோடை விழாவுக்காகவும் மலர்க் கண்காட்சிக்காகவும் ஏற்காட்டுக்குச் சுற்றுலாப் பயணிகள் திரண்டு வருவதும் இதே மாதங்களில்தான். ஆனாலும் பலாவில் ஒரு பகுதி வெடித்தும் கனிந்தும் மரத்தடியிலேயே வீணாகிறது. முழுப் பழமாக விற்க முடியாதவற்றைச் சுளையாக்கி விற்கலாம். அதற்கு அடுத்த படி, அந்தச் சுளையைச் சுட்ட பண்டமாக்கி விற்பது.

அதற்கு ஏற்றது திறந்த பழப் பேஸ்ட்ரி. பிரான்ஸ் நாட்டுக் கிராமங்களில் இதைக் 'கலெட்' என்பார்கள். இதற்கு அச்சு வேண்டாம், முட்டை வேண்டாம், ஈஸ்ட்டும் வேண்டாம். சோமாசிக்கு மாவைத் தேய்த்து, பூரணம் வைத்து, ஓரத்தை ஒட்டி மூடுகிறோம். இதில் மாவைப் பெரிய வட்டமாகத் தேய்த்து, நடுவில் பழத்தை வைத்து, ஓரத்தை மட்டும் மடித்துவிட்டு நடுவைத் திறந்தே விடுகிறோம். வட்டம் கோணலாக இருந்தாலும் பரவாயில்லை.

வடிவம் எளிது என்றாலும் முதல் முறை செய்பவர்களுக்கு அடிப்பகுதி ஊறிப்போய்க் களி போலாகிவிடும். பழத்தின் சாறுதான் காரணம். அந்தச் சாற்றை எப்படிக் கட்டுப்படுத்துவது என்பது தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

எந்தப் பழம்?

சுளை கெட்டியாக இருக்கும் வருக்கைப் பலாதான் இதற்குச் சரி. தட்டினால் மந்தமான ஓசை வரவேண்டும், முட்களின் இடைவெளி விரிந்திருக்க வேண்டும், மணம் தொடங்கியிருக்க வேண்டும். மணம் தூக்கலாகி, சுளை குழைந்துவிட்ட பழம் வேண்டாம். கூழைப் பலாவைத் துண்டாகப் போட்டால் சாறாக ஓடிவிடும். அதை அரைத்து, சர்க்கரை சேர்த்து அல்வாப் பதத்துக்குக் கிளறி, அடியில் மெல்லியதாகத் தடவப் பயன்படுத்தலாம்.

பலாவோடு மூன்றில் ஒரு பங்கு மாம்பழம் சேர்த்தால் புளிப்பு கலந்து சுவை கூடும். பெங்களூரா என்கிற கிளிமூக்கு மாம்பழம், பழுத்தும் கெட்டித்தன்மை குறையாத பருவத்தில் நல்லது.

வவ்வால், குரங்கு, பறவை கடித்த பழத்தை எக்காரணம் கொண்டும் சேர்க்காதீர்கள். கடித்த பகுதியை வெட்டி எடுத்துவிட்டாலும் அந்தப் பழம் உணவுக்கு ஆகாது.

தேவையான பொருட்கள் (8 துண்டுகள் வரும் ஒரு பேஸ்ட்ரிக்கு)

மாவுக்கு: மைதா 200 கிராம், குளிர்ந்த வெண்ணெய் 100 கிராம், சர்க்கரை 1 மேசைக்கரண்டி, உப்பு கால் தேக்கரண்டி, குளிர்ந்த நீர் 50 முதல் 60 மில்லி. மைதாவில் 50 கிராமைக் குறைத்து அந்த அளவுக்குக் கேழ்வரகு மாவு அல்லது சாமை மாவு சேர்க்கலாம். அதற்கு மேல் சிறுதானியம் போனால் மாவு மடிக்கும்போது உடையும்.

பழத்துக்கு: கொட்டை நீக்கிய பலாச்சுளை 300 கிராம் (மாம்பழம் சேர்த்தால் 200 கிராம் சுளை, 100 கிராம் மாம்பழம்), நாட்டுச் சர்க்கரை 40 கிராம், எலுமிச்சைச் சாறு 1 தேக்கரண்டி, கடையில் கார்ன்ஃப்ளார் என்று விற்கும் வெள்ளை மாவு 1 மேசைக்கரண்டி, பொடித்த ஏலக்காய் 2, பொடித்த மிளகு ஒரு சிட்டிகை. அடியில் தூவ வறுத்த ரவை 2 மேசைக்கரண்டி.

பழத்தைத் தயார் செய்தல்

கையிலும் கத்தியிலும் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு சுளை எடுத்தால் பிசின் ஒட்டாது. சுளையை விரல் அகலத்துக்கு நீளவாக்கில் நறுக்கி, நாட்டுச் சர்க்கரையும் எலுமிச்சைச் சாறும் கலந்து 20 நிமிடம் வையுங்கள். சாறு பிரிந்து வரும். அதை வடித்து, தனியாக அடுப்பில் வைத்துப் பாகு போல் கெட்டியாகும் வரை சுண்டவிட்டு, ஆறியதும் பழத்தோடு சேருங்கள். கடைசியாகக் கார்ன்ஃப்ளார், ஏலக்காய், மிளகு சேர்த்துப் புரட்டுங்கள். சாற்றைக் கொட்டிவிட்டால் சுவையும் போய்விடும். அப்படியே ஊற்றினால் மாவு ஊறிவிடும். அதனால்தான் சுண்ட வைக்கிறோம்.

மாவு பிசைதல்

வெண்ணெயைச் சிறு துண்டுகளாக்கி, உப்பும் சர்க்கரையும் கலந்த மைதாவில் போட்டு விரல் நுனியால் உதிர்த்துவிடுங்கள். பட்டாணி அளவில் வெண்ணெய்த் துண்டுகள் அங்கங்கே தெரிய வேண்டும். சூட்டில் இந்தத் துண்டுகள் உருகும். அவற்றிலுள்ள நீர் ஆவியாகி மாவை இதழ் இதழாகப் பிரிக்கும். பப்ஸ் அடுக்கடுக்காக வருவதும் இந்த முறையில்தான். வெண்ணெய் முன்பே உருகி மாவோடு கலந்துவிட்டால் அடுக்கு வராது. நெய் ஊற்றினாலும் பிஸ்கட் போல உதிருமே தவிர அடுக்கு வராது.

வெண்ணெய் 30 டிகிரிக்கு மேல் இளகிவிடும். எனவே காலை குளிர்ச்சியில் மாவைத் தயார் செய்யுங்கள். இந்த வகையில் சமவெளியில் இருப்பவர்களைவிட மலைக்காரர்களுக்கு வேலை எளிது. ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. இங்கே தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதிக்கும், ஈரமும் சீக்கிரம் காயும். மாவு உதிர்ந்தால் ஒரு தேக்கரண்டி நீர் கூடுதலாகச் சேர்க்கலாம். சப்பாத்தி மாவு போல அழுத்திப் பிசையாமல், சேர்த்துப் பிடித்து உருட்டினால் போதும். மூடி, அரை மணி நேரம் குளிர்ந்த இடத்தில் வையுங்கள்.

மடித்துச் சுடுதல்

மாவை 30 செ.மீ. வட்டமாக, சுமார் 4 மி.மீ. கனத்தில் தேய்த்துத் தட்டில் வையுங்கள். ஓரத்தில் 4 செ.மீ. விட்டு, நடுவில் வறுத்த ரவையைத் தூவுங்கள். மிஞ்சிய சாற்றை ரவை உறிஞ்சிக்கொள்ளும். அதன்மேல் பழத்தை ஒரே அடுக்காகப் பரப்பி, ஓரத்தைக் கொசுவம் போல மடித்துவிடுங்கள். வெடிப்பு இருந்தால் விரலால் அழுத்தி மூடுங்கள், இல்லாவிட்டால் அந்த வழியாகச் சாறு ஒழுகும். ஓரத்தில் பால் தடவினால் நல்ல நிறம் வரும்.

ஓவனை முன்பே 200 டிகிரிக்குச் சூடாக்கி, கீழ்த் தட்டில் 20 நிமிடம் சுட்டு, பிறகு 180 டிகிரிக்குக் குறைத்து மேலும் 20 முதல் 25 நிமிடம் சுடுங்கள். மேல்நிறத்தைப் பார்த்து இறக்கிவிட வேண்டாம். கரண்டியால் தூக்கிப் பார்த்தால் அடிப்பகுதி பழுப்பாக இருக்க வேண்டும். நடுவில் சாறு கெட்டியாகக் குமிழி விட வேண்டும்.

ஓவன் இல்லாதவர்கள் கனமான அலுமினியக் குண்டானில் 2 செ.மீ. மணல் பரப்பி, மூடி 15 நிமிடம் சூடாக்கி, உள்ளே வளையம் வைத்து, அதன்மேல் தட்டை வைத்துச் சுடலாம். இதற்கு மாவையும் பழத்தையும் பாதி அளவாக எடுத்துக்கொள்ளுங்கள். மேற்பகுதி நிறம் மாற, மூடியின் மேல் தணலைப் பரப்புங்கள். நீராவி வெளியேற மூடியைச் சற்றே விலக்கி வைப்பது அவசியம்.

விற்பதற்கு முன் ஒரு கணக்கு

பலாவில் எடைக்குச் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் சுளை. 10 கிலோ பழத்தில் 3 கிலோ சுளை கிடைத்தால் 10 பேஸ்ட்ரி செய்யலாம். ஆனால் அதற்கு 1 கிலோ வெண்ணெயும் 2 கிலோ மைதாவும் வேண்டும். அதாவது இதில் பெரிய செலவு பழம் அல்ல, வெண்ணெய்தான். பழம் வீணாகிறதே என்று ஒரே நாளில் 10 சுட்டு, 4 மீந்துவிட்டால் பழத்தின் நஷ்டத்தோடு வெண்ணெயின் நஷ்டமும் சேரும். சனி, ஞாயிறு மட்டும் நாளுக்கு 2 சுட்டுப் பாருங்கள். வெண்ணெய், மாவு, சர்க்கரை, எரிபொருள், காகிதம், உங்கள் கூலி ஆகியவற்றைக் கூட்டி 8 ஆல் வகுத்து, அதற்கு மேல் துண்டு விலையை வையுங்கள். தினமும் விற்றுத் தீர்ந்தால் மட்டும் எண்ணிக்கையைக் கூட்டுங்கள்.

சுட்ட அன்றே விற்பது நல்லது. நன்றாக ஆறிய பிறகே காகிதப் பெட்டியில் வையுங்கள். சூட்டோடு பிளாஸ்டிக்கில் மூடினால் மொறுமொறுப்பு போய்விடும். குளிர்பெட்டியில் 2 நாள் வைத்து, மீண்டும் 10 நிமிடம் ஓவனில் சூடாக்கித் தரலாம்.

வீட்டில் செய்து விற்றாலும் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்து, 14 இலக்கப் பதிவு எண்ணை உறையில் அச்சிட வேண்டும். மகளிர் குழுவாகச் சேர்ந்து ஓவன் வாங்க நினைப்பவர்கள், 2020-ல் தொடங்கிய பிரதமரின் குறு உணவு பதப்படுத்தும் நிறுவனங்கள் திட்டம் இப்போதும் நடைமுறையில் உள்ளதா என்று மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டுப் பாருங்கள். அதில் 35 சதவீத மானியம் வழங்கப்பட்டது. பழ ரகம், அறுவடைப் பருவம் பற்றிய சந்தேகங்களுக்கு ஏற்காடு தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தையும், பயிற்சிக்குச் சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்தையும் அணுகலாம்.

பலாத் தோலையும் சக்கையையும் வீட்டருகே கொட்டாதீர்கள். வாசனைக்குக் காட்டெருமை வரும். குழி வெட்டி மண்ணால் மூடிவிடுங்கள். கொட்டையை அவித்து, காயவைத்து, மாவாக்கி மைதாவில் பத்தில் ஒரு பங்கு சேர்க்கலாம். பலாப் பருவம் முடிந்ததும் மலையில் பேரிக்காய் வரத் தொடங்கும். அதற்கும் இதே மாவு, இதே முறைதான். பேரிக்காயைச் சற்று மெல்லியதாக நறுக்கிக்கொண்டால் போதும்.