வைஃபை விளக்கு அணைந்தால் வைஃபையும் அணைந்துவிட்டதா?



லினக்ஸ் போட்ட பழைய மடிக்கணினி வைத்திருக்கிறீர்களா? சிலவற்றில் வைஃபை விளக்கு ஓயாமல் மினுக் மினுக்கென்று கண்ணை உறுத்தும். அதை அணைக்க முடியும். ஆனால் ஒன்றை முதலில் புரிஞ்சுக்கணும்: விளக்கு வேறு, வைஃபை வேறு.

பல அட்டைகளில், விளக்கு எப்போது எரிய வேண்டும் என்பதை அட்டையின் இயக்கி மென்பொருள்தான் சொல்கிறது. அந்தக் கட்டுப்பாட்டை லினக்ஸ் ஒரு கோப்பாகவே நம்மிடம் தருகிறது. (கட்டளைகளைத் தமிழ் ஒலிப்பில் தந்துள்ளேன், ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டச்சு செய்யுங்கள்.)

1. டெர்மினலில் /சிஸ்/கிளாஸ்/லெட்ஸ் கோப்புறையைத் திறந்து பாருங்கள். 'ஃபை0' என்று பெயரில் வருவதுதான் பெரும்பாலும் வைஃபை விளக்கு. அப்படி எதுவும் இல்லையென்றால் இந்த வழி உங்கள் கணினிக்குப் பொருந்தாது.

2. அதனுள் 'ட்ரிகர்' என்ற கோப்பு இருக்கும். 'கேட் ட்ரிகர்' என்று அடித்தால் ஒரு பட்டியல் வரும். சதுர அடைப்புக்குள் இருப்பதே இப்போது நடப்பில் உள்ளது. 'ஃபை0டிபிடி' என்றால் தரவு ஓடும்போது மின்னும். 'ஃபை0அசோக்' என்றால் வைஃபையோடு இணைந்திருக்கும்வரை எரியும். 'நன்' என்றால் எரியாது.

3. விளக்கை அணைக்க: எக்கோ நன் | சூடோ டீ ட்ரிகர்

'சூடோ எக்கோ நன் > ட்ரிகர்' என்று அடித்தால் அனுமதி மறுக்கப்படும். ஏன்? 'சூடோ' தரும் உரிமை 'எக்கோ'வுக்கு மட்டும்தான். '>' குறி கோப்பைத் திறப்பது உங்கள் சாதாரண உரிமையில். அதனால்தான் 'டீ' தேவைப்படுகிறது.

கணினியை மறுபடி தொடங்கினால் பழைய நிலை திரும்பிவிடும். இன்டெல் அட்டையில் நிலையாக மாற்ற, /ஈடிசி/மோட்ப்ரோப்.டி கோப்புறையில் '.கான்ஃப்' என்று முடியும் ஒரு கோப்பை உருவாக்கி, இந்த வரியை எழுதுங்கள்: ஆப்ஷன்ஸ் ஐடபிள்யூஎல்வைஃபை லெட்_மோட்=1. இதில் 1 என்றால் மின்னாமல் நிலையாக எரியும், 2 மின்னும், 3 எரியவே எரியாது.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம். மேலே செய்த எதுவும் வைஃபையை நிறுத்தவில்லை! விளக்கு இருட்டாக இருக்கும். இணையமோ ஓடிக்கொண்டே இருக்கும். ஆகவே, தேர்வு அறையில் கண்காணிக்கும் ஆசிரியர்களே, விளக்கு எரியவில்லை என்பதை மட்டும் நம்பி "வைஃபை இல்லை" என்று முடிவு செய்யாதீர்கள். 'ஆர்எஃப்கில் லிஸ்ட்' என்று அடித்துப் பாருங்கள். வயர்லெஸ் லேன் என்ற பகுதியில் 'சாஃப்ட் பிளாக்ட்', 'ஹார்ட் பிளாக்ட்' இரண்டில் ஒன்றாவது 'யெஸ்' என்றிருந்தால்தான் வானொலி அலை நிறுத்தப்பட்டிருக்கிறது. இல்லையென்றால் 'சூடோ ஆர்எஃப்கில் பிளாக் வைஃபை' என்று அடித்தால் நின்றுவிடும்.

மாணவர்களே, கணினிப் பாடத்தில் இயக்கியின் பணி என்னவென்று கேட்டால் இதையே எடுத்துக்காட்டாக எழுதலாம். வன்பொருளுக்கும் இயங்குதளத்துக்கும் நடுவில் நின்று, விளக்கு எரிவதைக்கூடத் தீர்மானிப்பது இயக்கிதான். விளக்கு ஓர் அறிகுறி. அதுவே நிலைமை ஆகிவிடாது.